செய்திக்கு யார் படி அளப்பது?

அரக்கோணத்திலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயில் காலை வேளையில் கடம்பத்தூர் ஸ்டேஷனில் வந்து நிற்கும்போது பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பையும் கையுமாகப் பெண்கள் திமுதிமுவென்று ஏறுவார்கள். ஒரு காலத்தில் இந்த வண்டியில் ஒரே தினசரியை நாலு பேர் பங்கு போட்டுப் படிப்பார்கள். நடுப்பக்கம் ஒருவரிடம், சினிமாப் பக்கம் இன்னொருவரிடம்! இப்போது பங்கு கேட்பாரில்லை. ஆளுக்கொரு செல்போன், அதில் உலகத்துச் செய்தியெல்லாம் இருக்கிறது.

கடம்பத்தூரில் என் அண்ணி வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பியை ஆற்றிக்கொண்டே அண்ணி பெருமையோடு சொன்னாள்:

"போன வருஷமே பேப்பரை நிறுத்திட்டேன், தம்பி. மாசம் 200 ரூபாய் மிச்சம். எல்லாம்தான் போன்லே சும்மா வருதே!"

"எங்கே சும்மா வருது? எனக்கு ஒரு நாள் கூலி போச்சே!" என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள்தான். தொழிற்சாலை ஒன்றில் தினக்கூலிக்கு வேலை பார்ப்பவள். மகளிர் உரிமைத் தொகைக்கு மறுநாள் சிறப்பு முகாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்ததாம். வேலைக்குப் போகாமல், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். போய்ப் பார்த்தால், முகாமுமில்லை, ஒன்றுமில்லை! பூட்டிய கதவுக்கு முன்னால் இவளைப் போலவே பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்களாம். ஒரு நாள் கூலியோடு ஆட்டோ சத்தமும் நஷ்டம்.

அந்தத் தகவல் மெய்யா பொய்யா என்று விசாரிக்க எத்தனை நேரம் பிடிக்கும்? ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு நடை. அல்லது ஒரு டெலிபோன். ஆனால் அந்த நடையை நடக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வேண்டும். இணையத்தில் பத்திரிகை நடத்துகிறவர்களைத் தூங்கவிடாமல் அடிக்கும் கேள்வியே இதுதான்: அந்தச் சம்பளத்துக்கு யார் படி அளப்பது?

பழைய கணக்கு

பத்திரிகைக்காரர்களுக்குப் பணக் கவலை புதிதல்ல. 1878ல் ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்துத் தொடங்கியதுதான் 'ஹிந்து'. 1906ல் பாரதியார் பொறுப்பில் வெளிவந்த 'இந்தியா' வாரப் பத்திரிகை இன்னும் சாமர்த்தியமான வழி ஒன்றைக் கண்டது. ஆளுக்குத் தக்க சந்தா! சர்க்கார் என்றால் 50 ரூபாய். சாதாரண வாசகர் என்றால் 3 ரூபாய். இருப்பவர் கூடக் கொடுத்தால் இல்லாதவரும் படிக்கலாம் என்ற ஏற்பாடு. விளம்பரத் தொழிலில் பழகிய எஸ். எஸ். வாசன் 1928ல் 'ஆனந்த விகட'னை வாங்கி நடத்தியபோது, ஹாஸ்யமும் கதையும் போட்டியும் வாசகர்களைச் சேர்த்தன. வாசகர்கள் சேர்ந்ததும் விளம்பரமும் சேர்ந்தது.

ஆக, சந்தா ஒரு கால், விளம்பரம் ஒரு கால். பத்திரிகை என்ற நாற்காலி இவற்றை நம்பித்தான் நின்றது. 1995ல் 'ஹிந்து' இணையத்தில் காலடி வைத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அப்போது பெரும்பாலோர், "இப்போதைக்கு இலவசமாகக் கொடுப்போம், விளம்பரம் வந்து காப்பாற்றும்" என்றே நம்பினார்கள்.

விளம்பரம் வரத்தான் செய்தது. ஆனால் அதில் பெரும்பங்கு கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய கடைகளின் கல்லாவுக்குப் போய்விட்டது. செய்தி எழுதியவருக்கு மிஞ்சியது சில்லறைதான்.

அடுப்பங்கரைக் கணக்கு

"புரியும்படியாச் சொல்லுங்க, தம்பி" என்றாள் அண்ணி. மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

கடம்பத்தூர் ஒன்றியத்துக்கென்று ஒரு செய்தித் தளம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நிருபர், உதவியாளர், போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் செலவு. ஆயிரம் முறை பக்கத்தைத் திறந்து பார்த்தால் விளம்பரத்தில் 50 ரூபாய் கிடைக்கும் என்று கொள்வோம். அப்படியானால் மாதம் 12 லட்சம் முறை யாராவது திறந்து பார்க்க வேண்டும்! கூவம் கிராமத்து ஏரிக் கரையைப் பற்றியோ, ரேஷன் கடையைப் பற்றியோ எழுதினால் அவ்வளவு பேர் பார்ப்பார்களா? மாட்டார்கள். ஆகவே ஆசிரியர் என்ன செய்வார்? நடிகையின் கல்யாணத்தைப் பற்றி எழுதுவார். "அதிர்ச்சி!" என்று தலைப்புக் கொடுப்பார். கடம்பத்தூர் பெயர் பலகையில் மட்டும் இருக்கும்.

இதையே வேறு விதமாகப் பாருங்கள். ஆயிரம் குடும்பங்கள், நாளொன்றுக்கு 2 ரூபாய் வீதம், மாதம் 60 ரூபாய் கொடுத்தால் அதே 60,000 ரூபாய் வந்துவிடுகிறது. அப்போது ஆசிரியருக்கு எஜமானர்கள் அந்த ஆயிரம் குடும்பங்களே. அவர் ஏரியைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டும்!

ஊருக்கு ஒரு வழி

உலகத்தில் இதற்குப் பல வழிகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 'நியூயார்க் டைம்ஸ்' 2011ல் தன் வலைத்தளத்துக்குச் சந்தா வைத்தது. "யார் பணம் கட்டப் போகிறார்கள்?" என்று சிரித்தவர்கள் உண்டு. 2023ல் சந்தாதாரர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. செய்தி மட்டுமல்ல, சமையல் குறிப்பும் வார்த்தை விளையாட்டும் சேர்ந்துதான் அவர்களை இழுத்தன. வாசனுக்குத் தெரிந்த ரகசியம்தான்! இங்கிலாந்தின் 'கார்டியன்' கதவுக்குப் பூட்டுப் போடாமல், "முடிந்தவர்கள் உதவுங்கள்" என்று கேட்டுப் பெறுகிறது. இது பாரதியார் காலத்து ஏற்பாட்டுக்குத் தூரத்து உறவு.

நம் நாட்டில் 2012ல் தொடங்கிய 'நியூஸ்லாண்ட்ரி' விளம்பரத்தை நம்பாமல் வாசகர் சந்தாவை நம்பியது. தென்னாட்டுச் செய்திகளுக்கென்று 2014ல் பிறந்த 'நியூஸ் மினிட்' வாசகர்களை அங்கத்தினர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. 1941ல் தொடங்கிய 'கல்கி' 2020ல் அச்சை நிறுத்தி இணையத்துக்கே குடிபெயர்ந்துவிட்டது.

சட்டத்தை நம்பியவர்களும் உண்டு. செய்திக்குப் பெரிய கம்பெனிகள் பணம் கொடுக்க வேண்டும் என்று கனடா 2023ல் சட்டம் செய்தது. ஃபேஸ்புக் கம்பெனியோ பணம் கொடுப்பதற்குப் பதிலாகக் கனடாவில் செய்தியே காட்டுவதில்லை என்று திரை போட்டுவிட்டது. அடுத்த வீட்டுக் கிணற்றை நம்பித் தோட்டம் போட்டால் கயிறு நம் கையில் இராது.

சொந்தக் கிணறு என்றால் வாசகர்தான். அதுவும் லேசான காரியமில்லை. சின்ன ஊரில் ஆயிரம் குடும்பங்களைச் சேர்ப்பதற்குள் கையிருப்புக் கரைந்துவிடலாம். சந்தா கட்ட முடியாதவர்களுக்குச் செய்தி எட்டாமல் போய்விடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால்தான் அவசரச் செய்திகளை எல்லோருக்கும் திறந்து வைத்து, மற்றவற்றுக்கு மட்டும் சந்தா கேட்கலாம் என்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை விளம்பரம், உள்ளூர்க் கடை விளம்பரம், வாசகர் கூட்டம் என்று நாலு பக்கமும் வரும்படி தேடினால் ஒன்று வற்றினாலும் இன்னொன்று தாங்கும்.

அண்ணி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"60 ரூபாய் பெரிசில்லை, தம்பி. ஆனா அந்த நிருபர் நம்ம தெருவுக்கு வருவாரா? வரலேன்னா அடுத்த மாசமே நிறுத்திடுவேன்!"

"தாராளமாக நிறுத்துங்கள், அண்ணி. அந்தப் பயம் ஆசிரியருக்கு இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே நீங்கள் பணம் கொடுப்பது!" என்றேன்.

வாசற்படியிலிருந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "என்னை அந்த ஆயிரத்திலே ஒருத்தியாச் சேர்த்துக்குவாங்களா?"