மாரியில் பிரித்த கார்

மாரிகாலம் பிறந்துவிட்டால் மூதூர்க் கரையில் வழக்கமான காட்சி ஒன்றுண்டு. வாடைக் காற்றில் கொட்டியாரக் குடா கொந்தளிக்கும். தோணிகள் மணலில் ஏறிக் கிடக்கும். அந்த ஓய்வு நாட்களிலேயே படகு எஞ்சின்கள் கழற்றப்படும். உப்பும் துருவும் நீக்கப்படும். தேய்ந்த உறுப்புகள் மாற்றப்படும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் நேர்வது யாதென்று கடற்றொழிலாளருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதே வேலையை மேலைநாட்டுக் கார்ப் பந்தயக்காரரும் செய்கின்றனர். பனி மூடிய மாதங்களில் அங்கே பந்தயம் குறைவு. அக்காலத்தில் காரை அக்கக்காகப் பிரித்து, வசந்தம் வருமுன் மீண்டும் பூட்டிவிடுவர். ஊதியத்துக்காக ஓட்டுவோரைப் பற்றி நாம் இங்கு பேசவில்லை. பகலெல்லாம் வேறு தொழில் பார்த்து, இரவில் தம் கையாலேயே கார் திருத்தும் அமெச்சூர் பந்தயக்காரரைப் பற்றியே பேசுகிறோம்.

இவர்களுக்கு ஓடுகளம் அளித்தது எது? விந்தையான விடை: போர். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள சீனன்குடா விமானத் தளம் 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு இலக்கானதை நம் மூத்தோர் வழியாக அறிவோம். அக்காலத்தில் இத்தகைய தளங்கள் பல நாடுகளில் எழுந்தன. போர் ஓய்ந்ததும் அவற்றுட் பல வெறுமையாயின. நீண்டு அகன்ற, மேடுபள்ளமற்ற ஓடுபாதை பந்தயத்துக்கு வாய்ப்பானதன்றோ! இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தளத்தில் 1948-இலேயே பெரும் பந்தயம் நடந்தது. நம் நாட்டில் களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையிலும், சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் விமானங்கள் ஓடிய பாதையில் கார்கள் ஓடின.

1953-இல் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றிய பின்னர், சோழவரத்துப் பந்தயங்களைக் காண மக்கள் திரள்திரளாகச் சென்றனர். அங்கு ஓடியவற்றுட் பல, வீட்டுக் கார்களின் மறுபிறவிகளே. பின்னிருக்கையும் கண்ணாடியும் கழற்றப்பட்டுப் பாரம் குறைந்த அம்பாசிடர்களும் பியட்டுகளும் சீறிப் பாய்ந்தன. அந்தக் கைத்திறனின் வழிவந்தவரே கோயம்புத்தூர் கரிவரதன். மாருதி 800 காரின் சிறிய எஞ்சினைக் கொண்டு, ஒருவர் மட்டுமே அமரும் போர்முலா மாருதிப் பந்தயக் காரை அவர் உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். ஆனால் அவ்வகைக் காரில் இளமையில் பயின்ற நரேன் கார்த்திகேயன், 2005-இல் போர்முலா ஒன் உலகப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

காரைப் பிரிப்பதென்றால் என்ன? எஞ்சினை இறக்கி, பிஸ்டன் வளையங்களின் தேய்வை அளப்பர். வால்வுகளை அரைபசை இட்டுத் தேய்த்துக் காற்றுப் புகாமற் பொருத்துவர். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் காண எளிய உபாயம் ஒன்றுண்டு: இரும்பு உறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சுண்ணக்கட்டித் தூளைத் தூவுவர். வெடிப்பினுள் ஒளிந்திருக்கும் எண்ணெய் வெளியே கசிந்து, வெண்தூளில் ஈரக்கோடாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்!

எஞ்சினினும் முக்கியமானது பிறேக். பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் கடும் வெப்பத்தில் கொதித்து ஆவியாகும். பிறகு மிதியை அழுத்தினாலும் பிடி கிடைக்காது. ஆதலால் பருவந்தோறும் அதனை மாற்றுவர். மாணவர்கள் மற்றொன்றையும் கருதுக. வேகம் இருமடங்கானால், காரை நிறுத்தத் தேவைப்படும் தூரம் இருமடங்கன்று, நான்கு மடங்கு! மணிக்கு 50 கிலோமீற்றரில் 12 மீற்றரில் நிற்கும் கார், 100 கிலோமீற்றரில் ஏறத்தாழ 48 மீற்றர் ஓடிய பின்னரே நிற்கும்.

இக்கணக்கு ஏட்டுக் கணக்கன்று. 2024 ஏப்ரல் 21-இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது கார் ஒன்று பாதை விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்தது. ஏழு உயிர்கள் மாண்டன. அவற்றுள் ஒன்று எட்டு வயதுச் சிறுமியினது. வேடிக்கை பார்க்கச் சென்ற குடும்பங்கள் துக்கத்துடன் வீடு திரும்பின. வேகத்தை நாடுவோர் தம் உயிரை மட்டுமே பணயம் வைப்பதில்லை என்பதை இதனினும் தெளிவாக எவர் உணர்த்த முடியும்? பாதையோரத் தடுப்பும், பார்வையாளரை எட்ட நிறுத்தும் ஒழுங்கும், காரின் உறுப்புகளைப் போலவே ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட வேண்டியவை.

கார்ப் பந்தயம் செல்வர் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். செலவு மிகுந்ததென்பது மெய்யே. ஆயினும் அதன் சிறந்த பாடத்துக்குப் பணம் வேண்டியதில்லை. பழைய நீரிறைக்கும் எஞ்சினையோ சைக்கிளையோ பிரித்துப் பூட்டும் மாணவனும் அதனைக் கற்கலாம். பூட்டி முடித்தபின் ஒரு நட்டு மிஞ்சினால், ‘போகட்டும்’ என்று விட்டுவிடாமல், மீண்டும் முழுவதையும் கழற்றிப் பார்க்கும் மனமே அப்பாடம். பந்தயத்தில் வெற்றி ஒருவருக்கே வாய்க்கும். அந்த மனமோ யாவருக்கும் வாய்க்கலாம். பொதுத் தெருவை ஓடுகளமாக்கத் துடிக்கும் நம் இளைஞர், முதலில் மாரியில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பாராக!