கெங்கவல்லிப் பாறையில் நிலநடுக்கத் தழும்பு

ஆத்தூரை அடுத்த கெங்கவல்லியின் சார்னோக்கைட் பாறைகள், பேச்சுவழக்கில் கருங்கல் எனப்படும் இனம். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. அவற்றை ஊடறுக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய கரிய இழைகள், பின்னாளில் நிலத்தடிப் பிளவின் இருபுறமும் நொடிப்பொழுதில் வழுக்கியபோது உராய்வு வெப்பத்தால் பாறை உருகி உறைந்த தடங்கள். ஆழத்திலிருந்து ஏறிய பாறைக்குழம்பாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இவ்விழைகள் வழுக்குத் தளத்தை ஒட்டியே ஓடுகின்றன. அதிலிருந்து பக்கவாட்டில் பீறிட்ட கிளைகளும் சற்றுத் தூரத்திலேயே முடிந்துவிடுகின்றன. வெறும் நொறுங்கலும் அன்று: நொறுங்கிய துணுக்குகள் கூர்முனையோடு கிடக்கும், இவ்விழைகளுக்குள் உள்ள துணுக்குகள் பலவற்றின் விளிம்புகளோ உருகி மழுங்கியுள்ளன. மெதுவான நகர்வும் இதைச் செய்திருக்காது. அதில் வெப்பம் சேர்வதற்குள் சுற்றுப்பாறைக்குள் பரவிவிடும். பாறை உருக ஏறத்தாழ 1,000 பாகை செல்சியஸ் வேண்டும். அதைத் தரும் வேகம் நிலநடுக்கத்துக்கே உண்டு.