ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?

ஏசி கடையில் "ரூம் எத்தனை சதுர அடி?" என்று கேட்பார்கள். அது பாதிக் கணக்குதான்.

சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே வேகத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் திறனே ஒரு டன். ஏறத்தாழ 3.5 கிலோவாட்.

அந்த வெப்பம் எங்கிருந்து வருகிறது? சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். மாலை வெயில் நேராக விழும் மேற்குக் கண்ணாடி ஜன்னல், சதுர மீட்டருக்குப் பல நூறு வாட் உள்ளே விடும். எல்லாவற்றுக்கும் மேலே மொட்டைமாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம், இரவு பத்து மணிக்கும் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் சென்னையில் 120 சதுர அடி அறைக்கு, நடுமாடியில் பெரும்பாலும் ஒரு டன் போதும். மேல்தளம் ஒன்றரை கேட்கும்.

எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு டன் வாங்கினால்? காற்று சட்டென்று குளிர்ந்து, கம்ப்ரசர் நின்றுவிடும். ஈரம் நீங்க வேண்டுமானால் குளிர்ந்த சுருளில் காற்று தொடர்ந்து பட்டு, நீர் வடிய வேண்டும். அதற்கு அவகாசமே கிடைக்காது. குளிரோடு பிசுபிசுப்பும் இருக்கும். வேகத்தைக் குறைத்து ஓடும் இன்வெர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், அதுவும் ஓரளவுக்குக் கீழே இறங்காது.