உயிர்வேலியும் பட்டாவும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (தாவரவியல்)

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து மரக்காணம் நோக்கிப் பேருந்தில் வரும் நண்பர்கள் புத்துப்பட்டு ஐயனார் கோயிலைக் கடந்திருப்பார்கள். குதிரைச் சிலைகளையும் பொங்கல் வைக்கும் கூட்டத்தையும் கண்டிருப்பார்கள். கோயிலைச் சுற்றியுள்ள காட்டைக் கண்டவர்கள் குறைவு. நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அதைப் 'புதர்' என்றே எண்ணியிருந்தேன். முடியிறக்கப் போனபோதெல்லாம் அந்தப் புதரின் நிழலில்தான் நாங்கள் சோறு உண்டோம். முதலாம் ஆண்டில் எங்கள் பேராசிரியர் களப்பயணமாக அங்கே அழைத்துச் சென்றார். நான் புதர் என்று நினைத்தது உலகிலேயே அருகிவரும் காட்டு வகைகளுள் ஒன்று என்று அன்றுதான் அறிந்தேன்.

இதற்கு 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று பெயர். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலப்பகுதியில் காணப்படுவது. பசுமைமாறாக் காடு என்றதும் நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். பின்னர் மாதக்கணக்கில் வறட்சி. அந்த வறட்சியிலும் இலையுதிர்க்காமல் நிற்பவை இம்மரங்கள். இலை சிறிதாகவும் தடித்தும் இருக்கும். மரம் முப்பது, நாற்பது அடிக்கு மேல் வளர்வது அரிது. வீரை, காசான், உலக்கைப்பாலை, கருங்காலி, நாவல், ஓரத்தில் களா, காரை, சூரை என்று நெருங்கி நிற்கும். ஐயனார் காட்டில் ஒரு சுள்ளி ஒடித்தாலும் குற்றம் என்று நம் முன்னோர் அஞ்சியதால்தான் இன்று ஏதோ சில இடங்களில் சில ஏக்கர் எஞ்சியிருக்கிறது.

எஞ்சியவை தீவுகளாக நிற்கின்றன என்பதே இன்றைய தொல்லை. இம்மரங்களில் பல, சதைக்கனி தருபவை. கொண்டைக்குருவியும் மைனாவும் வௌவாலும் மரநாயும் பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் இட்டால்தான் காடு பெருகும். ஒரு கோயில் காட்டிற்கும் அடுத்த கோயில் காட்டிற்கும் இடையே பல கிலோமீட்டர் வெட்டவெளி இருந்தால் குருவி எங்கே அமரும்? விதை தாய் மரத்தடியிலேயே விழுந்து கிடக்கும். அதனால்தான் தீவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் பசுமை வழித்தடம் வேண்டும் என்று அறிவியலார் கூறுகின்றனர். யானை வழித்தடம் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதுபோன்றதுதான். இங்கே யானைக்குப் பதில் குருவியும் மரநாயும். ஒரு மைல் அகலம் தேவையில்லை.

அரசு தன் பங்கிற்குச் செய்திருக்கிறது. மரக்காணத்தை அடுத்த கழுவெளி ஏரி 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆனால் ஏரிக்கும் கடலுக்கும் கோயில் காடுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலம். மணிலா, சவுக்கு, முந்திரி, அண்மைக் காலமாக வீட்டுமனை. அந்த நிலத்துக்காரர்களில் ஒருவர் என் தந்தை.

எங்களுக்கு ஓர் ஏக்கர் நாற்பது சென்ட். பாதியில் மணிலா, பாதியில் சவுக்கு. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை சவுக்கு வெட்டும்போதுதான் எங்கள் வீட்டில் மொத்தமாகப் பணம் புழங்கும். என் அக்காவின் திருமணம் ஒரு வெட்டு. நான் கல்லூரிக்கு வந்தது அடுத்த வெட்டு. எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வாசலை மிதித்தவன் நானே முதல். ஆகவே, சவுக்கு இந்த மண்ணின் மரமன்று, அயல்நாட்டு மரம் என்று வகுப்பில் படிக்கும்போது எனக்குச் சற்று உறுத்தும்.

சென்ற ஆண்டு ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கள் ஊர்ப் பள்ளி மரத்தடியில் கூட்டம் நடத்தினர். நில எல்லையில் நாட்டு மரங்களால் உயிர்வேலி வைத்தால் நாற்று இலவசம், மூன்றாண்டு பராமரிப்புக்கு உதவி. விருப்பமுள்ளோர் கையொப்பம் இடலாம் என்றனர். படித்த பிள்ளை என்று என்னையும் பேசச் சொன்னார்கள். வீரை, காசான் என்று நான் உற்சாகமாகப் பேசினேன். பேசி முடித்ததும் என் தந்தையே எழுந்தார்.

"எல்லாம் சரிடா. நான் வச்ச மரத்த நாளைக்கு நானே வெட்டணும்னா யார்கிட்ட போய் நிக்கணும்? அத மட்டும் சொல்லு."

என்னால் விடை சொல்ல முடியவில்லை. கூட்டம் சிரித்தது. இரண்டு பேர் மட்டுமே கையொப்பமிட்டனர்.

அந்தக் கேள்வியைப் பல மாதம் என்னோடு சுமந்தேன். மரத்தின்மேல் அவருக்கு வெறுப்பில்லை; அவரைவிட மரம் அறிந்தவர் எங்கள் தெருவில் இல்லை. அவர் அஞ்சுவது காகிதத்திற்கு. அந்த அச்சத்திற்குக் காரணமும் இருக்கிறது. பட்டா நிலத்தில் சந்தன மரம் தானாக முளைத்தாலும் வனத்துறையின் அனுமதியின்றி அதை வெட்ட முடியாது. வம்பு எதற்கு என்று முளைக்கும்போதே பிடுங்கிப் போடுவோம் என்று என் பாட்டனார் சொல்வார். காப்பதற்காக வந்த விதி, கன்றிலேயே மரத்தைக் கொன்றது! சவுக்கு நட்டவருக்கு அந்தத் தொல்லை இல்லை. வியாபாரிக்குச் சொல்லியனுப்பினால் மறுநாள் கோடாரியோடு ஆள் வந்துவிடும். கழுவெளி சரணாலயமானபோது, 'அடுத்து நம் பட்டாவையும் எடுத்துக்கொள்வார்கள்' என்று எங்கள் ஊரில் ஒரு வதந்தி உலவியது. அந்த வதந்திக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நூலகத்தில் தேடினேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2003இல் ஒரு திருத்தம் வந்தது. தனியாரோ ஊர்ச் சமுதாயமோ தாமே முன்வந்து தம் நிலத்தைக் காத்தால் அதைச் 'சமுதாயக் காப்பகம்' என்று மாநில அரசு அறிவிக்கலாம். நிலம் அரசுக்குப் போகாது. ஊராட்சியின் பிரதிநிதிகள் கொண்ட குழு மேற்பார்க்கும். கேரளத்தில் கடலுண்டி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் கடலுண்டி - வள்ளிக்குன்னு காப்பகம் 2007இல் இவ்வாறு அமைந்தது. படித்தவுடன் மகிழ்ச்சியோடு தந்தையிடம் ஓடினேன். அடுத்த வரியையும் படித்துக் காட்டச் சொன்னார். அறிவிக்கப்பட்ட பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். "அப்ப மணிலாவ விட்டுட்டு மரவள்ளி போடணும்னா?" என்றார். பெரிய கழிமுகத்திற்குப் பொருந்தும் சட்டம் ஒன்றரை ஏக்கர்க்காரனுக்குப் பொருந்தவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நடு அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிக்கா நாடு வேறு வழியில் சென்றது. 1996இல் ஒரு வனச் சட்டம் இயற்றி, தம் நிலத்தில் காட்டை வைத்துக் காக்கும் உரிமையாளர்க்கு அரசே ஒப்பந்தம் எழுதிப் பணம் கொடுத்தது. எரிபொருள் வரியிலிருந்து அதற்கு நிதி. ஒப்பந்தத்திற்குக் கால எல்லை உண்டு. நிலம் உரியவரிடமே இருக்கும். நம் விவசாயி கேட்பதும் ஏறத்தாழ இதுதான்: எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், அதன்பின் என் உரிமை என்ன? மூன்றும் ஒரே தாளில், தமிழில்.

இனி நிலக் கணக்கைப் பார்ப்போம். கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. சதுரமான ஓர் ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. நான்கு பக்கமும் ஆறடி அகலத்திற்கு வேலி விட்டால் 11 சென்ட் போய்விடும். நூற்றுக்குப் பதினொன்று! எந்த விவசாயி ஒப்புவார்? ஆனால் அடுத்த நிலத்துக்காரரும் சேர்ந்து ஆளுக்கு மூன்றடி விட்டால் அது ஆறு சென்டுக்கும் கீழே வந்துவிடும். வழித்தடத்திற்கு நான்கு பக்கமும் தேவையில்லை. கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகும் ஒரு வரப்பு போதும். அப்போது ஏக்கருக்கு ஒன்றரை சென்ட்தான். அந்த வேலி கடற்காற்றுக்குக் குறுக்கே நிற்கும். வேலியின் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் வேகம் தணியும் என்பது வேளாண்மையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. பதினைந்தடி வேலியானால் நூற்றைம்பது அடி. உப்புக் காற்றில் இலை கருகும் எங்கள் மணிலாவுக்கு அது சிறிய உதவியன்று. வடக்கு தெற்காக நிற்பதால் நிழலும் காலையும் மாலையும் மட்டுமே விழும்.

புயலையும் ஆழிப்பேரலையையும் மரம் தடுத்துவிடும் என்று சிலர் மேடையில் பேசுகின்றனர். அவ்வளவு எளிதன்று. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையில் நடந்த ஓர் ஆய்வு, மரங்களின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. அந்த ஊர்கள் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்ததே காரணமாகலாம் என்று வேறு ஆய்வாளர் மறுத்தனர். நம்மவரிடம் பொய் நம்பிக்கை கொடுத்து மரம் நடச் சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றை நானே கண்டேன். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. எங்களுக்கு மேற்கே இருந்த நிலம் அதற்கு முந்தைய ஆண்டு மனையாகி, சுற்றிலும் மதில் எழும்பியிருந்தது. வழக்கமாக வரப்பு வழியே வடியும் தண்ணீர் மதிலில் முட்டி, எங்கள் மணிலாவில் ஐந்து நாள் நின்றது. வேலி தண்ணீருக்கு வழிவிடும், மதில் விடாது. அந்த நிலத்தை விற்றவரைக் குறை சொல்ல எனக்கு நாவில்லை. அவருக்கு மருத்துவச் செலவு.

அரசுக் கோப்புகளில் வராத இன்னொரு தடை கூட்டுப்பட்டா. எங்கள் வரப்பில் உள்ள ஏழு நிலங்களில் நான்கு, தாத்தா பெயரிலோ அண்ணன் தம்பிகள் எல்லோர் பெயரிலுமோ இருக்கின்றன. ஒருவர் ஊரில், ஒருவர் சென்னையில், ஒருவர் வெளிநாட்டில். யார் கையொப்பம் செல்லும்? ஒரு நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் ஒரு விதவைத் தாய். வேலிக்குத் தண்ணீர் ஊற்றப் போவது அவர்தான், கூட்டத்திற்கு அவரை யாரும் அழைக்கவில்லை. வழித்தடம் வேண்டுவோர் முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அமர்ந்து இந்தப் பட்டாக்களைப் பிரித்துக் கொடுக்க உதவினால், நாற்று கொடுப்பதைவிட அதுவே பெரிய ஊக்கமாகும்.

என் தாய்க்கு வேறு கவலை. வேலி அடர்ந்தால் மயில் தங்கும், மணிலா விதையைக் கொத்தும், பாம்பு வரும் என்கிறார். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கூட்டம் நடத்தியவர்களிடமும் இல்லை.

கையொப்பமிட்ட இருவரின் வரப்பில் களாவும் காரையும் இப்போது இடுப்பளவு வளர்ந்துள்ளன. இடையிடையே வைத்த வீரைக் கன்றுகள் மெல்ல ஏறுகின்றன. சென்ற ஆவணியில் என் தந்தை யாரிடமும் சொல்லாமல் எங்கள் கிழக்கு வரப்பில் முப்பது பனங்கொட்டை ஊன்றினார். மற்ற மரங்களைப் பற்றிக் கேட்டால், பக்கத்து நிலத்துக்காரர் மூன்றடி விடட்டும், நானும் விடுகிறேன் என்கிறார். பக்கத்து நிலத்து மாமாவிடம் போய்க் கேட்டேன். "மொதல்ல ஒங்கப்பா போடட்டும்பா கையெழுத்த" என்றார். இருவரும் தினமும் மாலையில் அதே வரப்பில் அமர்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.