பறவைக் காய்ச்சலும் அரசின் நடவடிக்கைகளும்: தாய்லாந்து, வியட்னாம் அனுபவங்கள்

கால்நடைகளிடையே கொள்ளைநோய் பரவும்போது அரசாங்கங்கள் எடுக்கும் முடிவுகள் விஞ்ஞானத் தேவையினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுபவை என்ற எண்ணம் பொதுவாக நிலவுகின்றது. இழப்பை எவர் தாங்கினர் என்று நோக்குமிடத்து, இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என நாம் ஐயுற வேண்டியுள்ளது. 2004இல் தாய்லாந்திலும் வியட்னாமிலும் பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல் இதற்குத் தக்க சான்றாகும்.

1997இல் இவ்வைரசு ஹொங்கொங்கில் பதினெட்டுப் பேரைத் தொற்றி அறுவரைப் பலிகொண்டபோது, அங்கிருந்த கோழிகள் அனைத்தும் சில நாட்களுள் அழிக்கப்பட்டன. நடவடிக்கை பயனளித்தது. ஆயின் ஹொங்கொங் ஒரு நகரம். கோழியும் வாத்தும் முற்றத்திலும் வயலிலும் திரியும் நாடுகளில் அதே வழியைக் கைக்கொள்ளுதல் எளிதன்று.

தாய்லாந்தில் 2003இன் இறுதியிலேயே கோழிகள் பெருந்தொகையாக இறந்தன. அதிகாரிகளோ அது கோழிக் கொலரா என்றே கூறிவந்தனர். 2004 ஜனவரி 23ஆந் திகதியே உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்நாடு உலகின் முன்னணிக் கோழியிறைச்சி ஏற்றுமதி நாடுகளுள் ஒன்று. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் பிரதான சந்தைகள். இந்நிலையையும் அந்த மௌனத்தையும் வேறுவேறாகப் பிரித்து நோக்க எம்மால் இயலவில்லை. பின்னர் இராணுவத்தினரும் அழிப்புப் பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். அவ்வாண்டில் நோயினாலும் அழிப்பினாலும் மடிந்த பறவைகள் ஆறு கோடி வரையிலாகும்.

தடுப்பூசி விடயத்திலும் சந்தையின் செல்வாக்கே தெரிகின்றது. தடுப்பூசி ஏற்றப்பட்ட பறவை நோய்க்குறி எதுவும் காட்டாது வைரசைப் பரப்பக்கூடும் என்பதால், இறக்குமதி நாடுகள் அத்தகைய இறைச்சியை ஏற்கத் தயங்கின. தாய்லாந்து தடுப்பூசியைத் தடைசெய்தது. கோழி ஏற்றுமதியில் பெரிதும் தங்கியிராத வியட்னாமோ 2005இல் நாடளாவிய முறையில் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியது. 2006இல் அங்கு மனிதரிடையே புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை; 2007இல் மீண்டும் தலைகாட்டியது.

எமது நோக்கில் முதன்மையானது நட்டஈட்டுப் பிரச்சினையே. 2004இன் முற்பகுதியில் வியட்னாமிய விவசாயிக்குக் கிடைத்த நட்டஈடு சந்தை விலையின் ஒரு சிறு பகுதி மாத்திரமே. இந்நிலையில் கோழிகள் சோர்ந்து விழத் தொடங்கியதும் அதிகாரிக்கு அறிவிப்பதைவிட, அவற்றை இரவோடிரவாகச் சந்தைக்கு அனுப்புவதே அவருக்கு இலாபம். அவ்வாறு அனுப்பப்படும் ஒவ்வொரு கூடையும் நோயைப் புதிய ஊருக்குச் சுமந்து செல்கின்றது. எனவே நட்டஈடு அரசின் தயவன்று. நோயை நேரகாலத்துடன் கண்டறிவதற்கான கருவியே அது. தாய்லாந்தின் சண்டைச் சேவல்கள் இதற்குச் சுவையான ஓர் எடுத்துக்காட்டு. எந்த நட்டஈடும் அவற்றின் விலைக்கு ஈடாகாமையால் உரிமையாளர் அவற்றை ஒளித்து வைத்தனர். ஈற்றில் அரசாங்கம் சேவல்களுக்குக் கடவுச்சீட்டு வழங்கி நடமாட்டத்தைக் கண்காணிக்க வேண்டியதாயிற்று.

மத்திய தாய்லாந்தின் வாத்து மேய்ப்போரின் நிலை வேறு. அறுவடை முடிந்த வயல்களில் சிந்திய நெல்லைத் தின்னவிட்டு, வாத்துக்களை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது அவர்தம் தொழில். வாத்து நோய்க்குறியின்றியே வைரசைச் சுமக்கவல்லது. ஆதலால் இந்நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதற்கு விஞ்ஞான நியாயம் உண்டு. ஆனால் வாத்துக்களைக் கொட்டிலில் அடைத்தால் தீனியை விலைகொடுத்து வாங்க வேண்டும். கொட்டிலும் கட்ட வேண்டும். ஏற்கெனவே மூடிய பண்ணைகளை வைத்திருந்த பெரும் நிறுவனங்கள் சமைத்த இறைச்சி ஏற்றுமதிக்கு மாறித் தம் சந்தையை மீட்டுக்கொண்டன. நெல் வயலைத் தவிர வேறு தீவனக் களஞ்சியம் அற்ற மேய்ப்பர்களுக்கு அத்தகைய மாற்றுவழி இருக்கவில்லை.