ஏரி மண்ணில் எழுந்த ஆலயங்கள்

காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்தது என்றும், மஞ்சுஸ்ரீ தம் வாளால் சோபார் மலையைப் பிளந்து அந்நீரை வெளியேற்றினார் என்றும் கூறுகிறது சுயம்பு புராணம். அங்கு ஏரி இருந்ததை நிலவியலாரும் ஒப்புகின்றனர். பசுபதிநாதர் அருளாட்சி புரியும் அந்தப் பள்ளத்தாக்கில், பல இடங்களில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு ஏரிக் களிமண்ணும் மணலும் படிந்துள்ளன.

நிலநடுக்க அலை பாறையில் விரைந்து செல்லும். இளகிய மண்ணை அடைந்ததும் வேகம் குறைந்து, வீச்சு பெருகும். மண்படுகைக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியே ஓர் ஆட்டத் தாளம் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் வீச்சு கூடுவது போல, அவ்விரு தாளங்களும் ஒன்றினால் ஆபத்து பன்மடங்காகும்.

2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் நேபாளத்தை உலுக்கியது. ஏறத்தாழ 9,000 உயிர்கள் பறிபோயின. அன்று பள்ளத்தாக்கின் மண் 4, 5 நொடிகளுக்கு ஒருமுறை என மெதுவாக அசைந்தது. உயரம் குறைந்த கட்டடங்களின் இயல்பான ஆட்டமோ அதனினும் மிக விரைவானது. ஆகவே, அஞ்சிய அளவுக்கு அவை அங்கே அழியவில்லை. பக்தபூரில் 1702-இல் பூபதீந்திர மல்லர் எழுப்பிய, சித்தி லட்சுமி உறையும் நியாதபோலா ஆலயம், அகன்ற ஐந்தடுக்குப் பீடத்தின் மேல் நிலைத்து நின்றது. அதே ஊரின் வத்ஸலா துர்க்கை கோயிலோ இடிந்து வீழ்ந்தது.

காத்மாண்டுவுக்குப் பெயர் தந்த காஷ்ட மண்டபமும் அன்று சரிந்தது. கோரக்கநாதர் எழுந்தருளியிருந்த அம்மர மண்டபத்தில் குருதிக்கொடைக்காகக் கூடியிருந்தோர் சிலர் மாண்டனர். பழைய அஸ்திவாரம் வலுவிழந்ததோ என்ற ஐயம் எழுவது இயல்பே. நேபாளத் தொல்லியலாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் அகழ்ந்தபோது கண்டது வேறு. 7-ஆம் நூற்றாண்டுச் செங்கல் அஸ்திவாரம் சிதையாமல் இருந்தது! மண் சாந்தில் அடுக்கிய அதன் சுவர்கள் குறுக்கும் நெடுக்குமாய் ஒன்பது கட்ட மண்டலமாகப் பிணைந்திருந்தன. குறை அதற்கு மேலே இருந்தது. நான்கு பெருந்தூண்களுள் ஒன்று தன் ஆதாரக் கல்லில் பொருந்தாமலே நின்றிருந்தது. பிற்காலப் புதுப்பித்தலில் நேர்ந்த பிழை அது.

முன்னோர் மண்ணறிந்து இட்ட கடைக்கால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் தன் கடனைச் செய்தது. தூணுக்கும் கல்லுக்கும் இடையிலான பிணைப்பை மறந்தது பின்வந்தோரே. ஆலயத் திருப்பணியில் புதுத்தளம் பாவுமுன், அதன் கீழுள்ள கல்லையும் மண்ணையும் ஆராய்வது அவசியம். அங்கே கூடும் அடியார்களின் உயிரைக் காப்பதும் இறைத்தொண்டே அன்றோ!