காரில் தீயணைப்பானை வைக்கும் இடம்

கார்களில் தீயணைப்பான் இருந்தே ஆக வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக விதித்திருந்த பிரேசில், 2015 செப்டம்பரில் அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. பெல்ஜியமும் போலந்தும் அதை விடாமல் வைத்திருக்கின்றன. இந்தியாவிலோ பேருந்துகளுக்கு விதி உண்டே தவிர, சொந்தக் காரைப் பொறுத்தவரை அது உரிமையாளரின் விருப்பமாகவே இருக்கிறது. விரும்பி வாங்குவோரிலும் பலர் அதை அட்டைப்பெட்டியோடு டிக்கியில் போட்டு மறந்துவிடுவதால், கருவியை வாங்குவதைவிட அதை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதே பெரிய கேள்வியாகிறது.

காருக்குப் பொருத்தமானதாகக் கருதப்படுவது ஏ.பி.சி. பவுடர் வகையாகும். துணி, மரம் போன்ற திடப்பொருள்களில் பற்றும் தீ 'ஏ' எனவும், பெட்ரோல், ஆயில் முதலிய திரவங்களின் தீ 'பி' எனவும், எரிவாயுத் தீ 'சி' எனவும் வகுக்கப்பட்டிருக்க, இம்மூன்றையும் அடக்கும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்னும் தூள் இதனுள் நிரப்பப்படுகிறது. அதை வெளியே தள்ளுவதற்காக அடைக்கப்பட்டிருக்கும் நைட்ரஜனின் அழுத்தம் பொதுவாக 15 பார் அளவில், அதாவது கார் டயரின் அழுத்தத்தைப்போல ஆறேழு மடங்காக இருக்கும். ஒரு கிலோ தூள் கொண்ட கருவி, உருளையும் வால்வும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ எடை வரும்.

இந்த எடையே முதல் ஆபத்து. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் எதன்மீதாவது மோதி, முன்பகுதி நசுங்கும் அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுமானால், உள்ளிருக்கும் பொருள்கள் புவியீர்ப்பைப்போல இருபது மடங்கு விசைக்கு உள்ளாகின்றன. கட்டப்படாத இரண்டு கிலோ உருளையைத் தடுத்து நிறுத்த அப்போது நாற்பது கிலோ எடைக்கு நிகரான விசை வேண்டும். பின் இருக்கையில் கிடக்கும் கருவி ஓட்டுநரின் தலையை நோக்கிப் பாயக்கூடும். மோதலே இல்லாவிட்டாலும், ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டுவந்து பிரேக் மிதிக்குக் கீழே சிக்கினால் போதும், தீயை அணைக்க வாங்கிய கருவியே விபத்தை உண்டாக்கிவிடும்.

அதனால் டிக்கியே மேல் என்று முடிவு செய்வதும் சரியாகாது. பின்புற மோதலில் டிக்கியின் கதவு திறக்க முடியாதபடி நெளியலாம். பயணப் பெட்டிகளுக்கு அடியிலிருந்து கருவியைத் தோண்டி எடுப்பதற்குள் சிறு தீ பெரிதாகிவிடும். இந்தியக் கார்களில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், இடப்புற முன்னிருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே, உலோகப் பட்டையும் கொக்கியும் உள்ள பிராக்கெட்டில் குறுக்குவாட்டில் பொருத்துவதே கைக்கு எட்டுவதும் அசையாமல் இருப்பதுமான ஏற்பாடு. ஒட்டும் டேப்பையோ பிளாஸ்டிக் பிடியையோ நம்பக் கூடாது. எனினும் கண்ட இடத்தில் துளையிடுவது பெருந்தவறு: தரைக்கு அடியில் எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும், மின்கார்களில் உயரழுத்த பேட்டரியும் இருக்கக்கூடும், இருக்கைக்கு அடியிலோ, பெரும்பாலும் மஞ்சள் நிற இணைப்பிகளால் அடையாளம் தெரியும் ஏர்பேக் ஒயர்கள் ஓடுகின்றன. ஏற்கெனவே உள்ள இருக்கை போல்ட்டுகளைப் பயன்படுத்தி, அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு பொருத்துவது நல்லது.

வெயிலைப் பற்றிய அச்சம் பலருக்கும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் நிறுத்தப்பட்ட கார்களை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டின் வெப்பம் சராசரியாக 69 டிகிரி செல்சியஸையும் உட்புறக் காற்று 47 டிகிரியையும் எட்டின. இந்த வெப்பத்தில் நைட்ரஜனின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்கே கூடும் என்பதால், தரமான உருளை வெடிக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வால்வில் உள்ள ரப்பர் வளையங்கள் நாளடைவில் இறுகி, வாயு கசியத் தொடங்கலாம். டேஷ்போர்டின் மேலும் பின்கண்ணாடியின் அடியிலும் வைக்காமல் நிழலான கீழ்த்தளத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கார்பன் டை ஆக்சைடு வகையின் நிலை வேறு: 31 டிகிரிக்கு மேல் அவ்வாயு திரவமாக இருக்க இயலாது என்பதால் உருளைக்குள் அழுத்தம் மளமளவென ஏறும், மூடிய காருக்குள் கசிந்தால் மூச்சும் திணறும்.

பொருத்திய பின் மாதம் ஒருமுறை அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று பார்ப்பதும், ஓட்டத்தின் அதிர்வில் அடியில் படிந்து இறுகும் தூள் தளரும்படி கருவியைத் தலைகீழாக்கிக் குலுக்குவதும் வழக்கமாக வேண்டும். முள் பச்சையில் நிற்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது. பிளாஸ்டிக் பிடியுள்ள சுமார் நான்கு கோடி கிட் நிறுவனத் தீயணைப்பான்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் 2017 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. 2014இல் ஒரு கார் விபத்தைத் தொடர்ந்த தீயில், மீட்புப் பணியாளர்களால் அவற்றை இயக்க முடியாமல் ஓர் உயிர் போனதும் அந்த நடவடிக்கையின்போது அறிவிக்கப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உலோக வால்வும் உள்ளதைத் தேர்வதில் சில நூறு ரூபாய் கூடினாலும் தவறில்லை.

ஒரு கிலோ கருவி சில விநாடிகளில் தீர்ந்துவிடும் என்பதை மனத்திற்கொண்டே அதைப் பயன்படுத்த வேண்டும். வண்டியை ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, அனைவரையும் தொலைவுக்கு அனுப்பி, 112 அல்லது 101 எண்ணை அழைக்கச் செய்த பிறகே கருவியை எடுப்பது முறை. பானெட்டை முழுதாகத் திறந்தால் காற்று புகுந்து தீ சீறும் என்பதால், சிறு இடைவெளி வழியாக, உருளையை நிமிர்த்திப் பிடித்தபடி தீயின் அடிப்பகுதியை நோக்கித் தூளைப் பீய்ச்ச வேண்டும். படுக்கவைத்துப் பிடித்தால் வாயு மட்டும் வெளியேறித் தூள் உள்ளேயே தங்கிவிடலாம். மின்காரின் பேட்டரியில் பற்றிய தீயைத் தூள் அடக்காது. அங்கே விலகி நிற்பது ஒன்றே வழி. கருவியின் பிடியை ஒரு நொடி அழுத்தியிருந்தாலும், வால்வின் வாயில் சிக்கும் தூள் துகள்கள் வாயுவைக் கசியவிடும் என்பதால், மிச்சம் இருக்கிறதே என்று மீண்டும் பிராக்கெட்டில் மாட்டாமல், அதை நிரப்பியோ மாற்றியோ வைக்க வேண்டும்.